ஆண்டவரிடம் மட்டும் சொன்ன குடலிறக்கம்

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி,
புரட்டாசி, 1987

மரியாதைக்குரிய சம்பந்தி ஆசீர்வாதம் அவர்களுக்கு, காசிநாதன் படுத்தபடியே எழுதுவது. உட்கார்ந்து எழுத டாக்டர் இன்னும் உத்தரவு தரவில்லை. சின்னசேலத்தில் தாங்களும் சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளை ஜெயப்பிரகாஷும், என் மகள் இசைவாணியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சௌக்கியத்தைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. அது சின்னசேலம் தொடங்கி தியாகதுருகம் வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் எனக்கே தெரிகிறது.

பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்தியிடம் கோபப்படக் கூடாது. ஆகையால் இது கோபமாக எழுதும் கடிதம் அல்ல. பேனா கொஞ்சம் அழுத்தி எழுதுகிறது, அவ்வளவுதான்.

ஆவணி பிறந்ததும் தாங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, சாப்பிட்ட கையோடு தங்களை மோட்டார் கொட்டகைக்கு அழைத்துப் போனேன், ஞாபகம் இருக்கிறதா? சுற்றிலும் ஆள் இல்லை என்று பார்த்து, அதுவும் போதாதென்று மோட்டாரையும் போட்டுவிட்டு, அந்த இரைச்சலில் தங்கள் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்: எனக்குக் குடலிறக்கம், கத்தி வைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், தைலம்மாளிடம் வாயுத் தொல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன், எங்கள் பெரியப்பா இப்படித்தான் ஆபரேஷனுக்கு நடந்து போனார், திரும்பி நடந்து வரவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது என்று. தாங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலப்படாதீங்க சம்பந்தி, ஒருத்தர்கிட்டயும் மூச்சு வுட மாட்டேன். ஆண்டவர்கிட்ட மட்டும் சொல்றேன்" என்றீர்கள். எனக்கும் மனசு லேசாயிற்று. ஆண்டவரிடம் ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று, ஒலிபெருக்கி வைத்துச் சொல்வீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சின்னசேலம் சபையில் சொன்னது எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தியாகதுருகம் சபைக்கு வர ஒரு வாரம்கூடப் பிடிக்கவில்லை. பஸ்கூட எங்கள் ஊருக்கு அவ்வளவு ஒழுங்காக வராது. ஒருநாள் காலையில் குஞ்சம்மாள் என்கிற அம்மா, கூட நாலு பெண்களோடு வாசலில் வந்து நின்றார். கரும்புக்குச் சோகை உரிக்க ஆள் வந்திருக்கிறது என்று நினைத்துத் தைலம்மாள் கூலி பேச ஆரம்பித்துவிட்டாள். "வேலைக்கு வரலீங்க, ஐயாவுக்காக ஜெபம் பண்ண வந்துகீறோம்" என்றார் குஞ்சம்மாள். வாயுவுக்கா இவ்வளவு தூரம் நடந்து வந்தார்கள் என்று தைலம்மாள் உருகிப்போய்ப் பாய் விரித்தாள். எல்லோரும் கண்ணை மூடினோம். குஞ்சம்மாளுக்கு நல்ல கணீர்க் குரல். "ஆண்டவரே! கத்தி வச்சே ஆவணும்னு டாக்டரு சொன்னத கட்டுன பொண்டாட்டிகிட்ட மறைச்சி, வாயுன்னு பொய் சொல்லிக்கினு, அடிவயித்துல எலுமிச்சங்கா தண்டி வீக்கத்தோட வூட்டுல பயந்துகினு கீற இந்த காசிநாதரத் தொடும்!" என்றார். ஆண்டவர் தொட்டாரோ இல்லையோ, தைலம்மாள் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நானும் ஒரு கண்ணைத் திறந்திருந்ததால் அது எனக்குத் தெரியும். ஜெபம் முடியும் வரை மரியாதையாகக் காத்திருந்து, எல்லோரோடும் சேர்ந்து ஆமென் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் அவள் திட்ட ஆரம்பித்தாள்.

அதன் பிறகு அவர்கள் வாரா வாரம் வந்து தைரியம் சொன்னார்கள். அந்தத் தைரியத்தைக் கேட்டுத்தான் எனக்குப் பயம் ஜாஸ்தியானது. கூட வந்த ஒரு அம்மா, "எங்க சின்ன மாமனாருக்கும் இதே எடத்துலதாங்க" என்றார். பொழச்சாரா என்று கேட்டேன். "சிரிச்ச மொகமா போயி சேந்தாருங்க" என்றார். இது ஒரு பக்கம் இருக்க, டீக்கடையில் நான் பெஞ்சில் உட்காரப் போனால் நாலு பேர் எழுந்து நின்று, "மெதுவா, மெதுவா" என்கிறார்கள். பால்காரன், அளந்து ஊற்றும்போதே வீக்கம் எலுமிச்சையா சாத்துக்குடியா என்று கேட்கிறான். என்ன மானம் மிச்சம் இருக்கிறது, சொல்லுங்கள் சம்பந்தி!

இவ்வளவு ஆகியும் நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கரும்புக்குத் தண்ணீர் கட்ட வேண்டும் என்றேன். புரட்டாசி போகட்டும் என்றேன். தைலம்மாள் அழுதும் பார்த்தாள், சோறு போடாமலும் பார்த்தாள். அப்போதுதான் படிப்பிலும் உத்தியோகத்திலும் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் ஆரம்பித்தது. ரோடெல்லாம் புளியமரம் சாய்ந்து கிடந்தது. அப்பாடா, பஸ் இல்லை, இனி ஒரு வாரத்துக்கு யாரும் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட முடியாது என்று நிம்மதியாகப் படுத்தேன். அன்றைக்கென்று பார்த்துக் குடல் மாட்டிக்கொண்டது. வலி என்றால் அப்படி ஒரு வலி. பச்சைத் தண்ணீர் குடித்தாலும் வாந்தி. ஊரில் இருந்த ஆம்பிளைகள் அத்தனை பேரும் மறியலில் இருந்தார்கள். வண்டி கட்டினாலும் மரத்தைத் தாண்டாது. தைலம்மாள் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஐயோ, கண்ண மூடிராத, கண்ண மூடிராத" என்று அடித்துக்கொள்கிறாள். அந்த நேரத்தில், பஸ் இல்லாத ரோட்டில், அந்த ஐந்து பேரும் வாராந்தர ஜெபத்துக்கு நடந்தே வந்து சேர்ந்தார்கள்.

குஞ்சம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பெரிய ஜெபமாக வரப்போகிறது என்று கண்ணை மூடினேன். அவரோ, "ஜெபத்த நடந்துகினே பண்ணிக்கலாம், கட்டில தூக்குங்கடி" என்றார். கயிற்றுக் கட்டிலோடு ஆறு பெண்பிள்ளைகள் என்னைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள். முதல் மரத்தில் எங்கள் ஊர் ஆதிமூலம் அரிவாளோடு நின்றுகொண்டிருந்தான். "இன்னா மாமா, இன்னா ஆச்சி?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் குஞ்சம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே!" என்று தொடங்கி, டாக்டர் சொன்னதிலிருந்து சாத்துக்குடி வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். அங்கே நூறு பேர் இருப்பார்கள். கோஷம் நின்று போயிற்று. ஆதிமூலம் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, தானே வெட்டிய மரத்தின் மேல் ஏறி நின்று கட்டிலை வாங்கினான். அடுத்த மரத்துக்கு ஒரு சைக்கிள் முன்னால் பறந்தது. நாங்கள் போய்ச் சேருவதற்குள், "குடலெறக்கம் வருது, வழி வுடுங்கடா!" என்று அங்கே கத்துகிறார்கள். எத்தனையோ பேர் ஆளாளுக்குத் தோள் மாற்றித் தூக்கினார்கள். ராஜாவுக்குக்கூட இப்படி ஒரு ஊர்வலம் நடந்திருக்காது, இப்படி ஒரு காரணத்துக்காகவும் நடந்திருக்காது.

ஒன்று சொல்ல வேண்டும் சம்பந்தி. கள்ளக்குறிச்சி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் எனக்கு நினைவு தப்பப் பார்த்தது. குஞ்சம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டேன். "நான் உங்க ஆளு இல்லியேம்மா, என்னெ அவுரு கண்டுக்குவாரா?" என்று கேட்டேன். "ஒடம்புக்கு முடியாதவங்ககிட்ட அவுரு அதெல்லாம் விசாரிக்க மாட்டாருங்க. நீங்க மூச்ச வுட்டுக்கினே வாங்க, போதும்" என்றார். நான் மூச்சை மட்டும் விட்டுக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே, "ஓ, நீங்கதான் அந்தக் காசிநாதனா?" என்றார். கம்பவுண்டரின் பெண்சாதியும் சபைக்குப் போகிறவராம். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் பெரியப்பா போன வழிதான் என்று டாக்டர் பிறகு சொன்னார். இப்போது தையல் நன்றாக இருக்கிறது. சிரித்தால்தான் வலிக்கிறது. தெம்புக்காக என்று குஞ்சம்மாள் புரட்டாசி மாதத்தில் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்து, தைலம்மாளுக்கும் அவருக்கும் என் கட்டிலுக்கு மேலே வாக்குவாதம் நடப்பதால் அடிக்கடி வலிக்கிறது.

ஆகவே தங்களுக்குப் பணிவாகத் தெரிவித்துக்கொள்வது: இனி என் பெயரைத் தங்கள் சபையில் எடுக்கக் கூடாது. எடுத்தே தீர வேண்டும் என்றால் பெயரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், இடுப்புக்குக் கீழே இறங்கக் கூடாது. பழங்களின் பெயர் எதுவும் வரக் கூடாது. நோயாளியின் ரகசியம் நோயாளிக்கே சொந்தம். இதில் நான் ரொம்பக் கண்டிப்பானவன்.

மாப்பிள்ளைக்கும் இசைவாணிக்கும் என் ஆசிகள். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். ஆண்டவருக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும், மெதுவாக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
காசிநாதன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடாமல், எழுதி முடிக்கும் நேரத்தில் என்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளை கையிலேயே கொடுத்தனுப்பக் காரணம் இருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் வேடியப்பன் என்று ஒருவன், கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம். வயிற்றில் கட்டி. வருகிற திங்கட்கிழமை ஆபரேஷன். வீட்டில், கடுக்காய் விற்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாக மலை இறங்கி வந்திருக்கிறான். போர்வைக்குள்ளே அழுகிறான். "பொண்டாட்டிக்கித் தெரிஞ்சா தாங்க மாட்டா, யாருகிட்டயும் சொல்லிடாதய்யா" என்று தன் தலைமேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான். என் கால்மாட்டில் தைலம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். அவன் கால்மாட்டில் யாரும் இல்லை. ஆகையால் நான் ஒருத்தரிடமும் சொல்லவில்லை, குஞ்சம்மாளிடம் மட்டும் சொன்னேன். ஆனால் அவர் குரல் தியாகதுருகம் தாண்டாது. தங்கள் சபையில்தான் ஒலிபெருக்கி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தாங்கள் எழுந்து, பெயர், ஊர், கட்டி, கடுக்காய் எதையும் விடாமல் ஆண்டவரிடம் மட்டும் சொல்லவும். ஒலிபெருக்கியை மலைப் பக்கமாகத் திருப்பி வைக்கவும்.