கால் நீட்ட ஓர் இடம்

எதிர் வீட்டு மருதாசலம் செத்துப்போனார். நல்ல மனுசன். ஆனால் அவரைக் கிடத்த வீட்டுக்குள் ஆறடி இடமில்லை. அண்டா, கொப்பரை, தவலை என்று அவர் சம்சாரத்தின் சீர்ப் பாத்திரங்களை நாலு பேர் அரைமணி நேரம் வெளியே தூக்கி வைத்தார்கள். அதுவரை மருதாசலம் நாற்காலியில் சாய்ந்து காத்திருந்தார். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.

எனக்கு என் வீட்டு நினைப்பு வந்துவிட்டது. குமாரபாளையத்தில் எங்கள் வீடும் ஒற்றை அறைதான். தறிப்பட்டறையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து படுத்தால், வலது கால் அண்டாவில் இடிக்கும். இடது கால் குத்துவிளக்கில். கல்யாணமாகிப் பதினாறு வருசமாக மடங்கியே படுத்திருக்கிறேன். செத்த பிறகாவது நிமிர வேண்டாமா? அன்றைக்கே முடிவு பண்ணினேன். இனி எளிமையான வாழ்க்கை. ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய்.

என் சம்சாரம் வசந்தாமணியிடம் சொன்னேன்.

“இந்தப் பித்தளையெல்லாம் எதுக்குப் புள்ள? கடையில போட்டுடலாம்.”

“போட்டுடலாமுங்க.”

என் பேச்சுக்கு அவள் உடனே தலையாட்டியது அதுதான் முதல் தடவை. நான் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

“நெசமாத்தானா?”

“ஏனுங்க, உங்களுக்கு வேண்டாத பாத்திரம் எனக்கெதுக்குங்க? ஆனா உள்ளூர்ல போடாதீங்க. ஏமாத்திப்போடுவாங்க. புதுச்சத்திரத்துல எங்கண்ணன் ஊட்டுக்குப் பக்கத்துல வீரபாகு கடை இருக்குது. அங்க கொண்டு போங்க.”

கொண்டு போனேன். மூன்று சாக்கு. பஸ் கூரையில் ஏற்றியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. வீரபாகு முதல் தவலையை எடுத்துத் திருப்பி, கழுத்தில் வெட்டியிருந்த பேரைப் படித்தார். ‘வசந்தாமணிக்கு அண்ணன் அர்த்தநாரி சீர்.’ அவர் முகம் வாடிவிட்டது.

“மாப்ள, ஊட்டுல ஏதாச்சும் கஷ்டமுங்களா?”

“அதெல்லாம் இல்லீங்க. எனக்கு இனி எதுவும் வேண்டாம்னு தோணிப்போச்சு.”

“எதுவுமேங்களா?”

“ஆறடி இடம் போதுமுங்க.”

அவர் எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். சாக்கை அவிழ்க்கவில்லை. “வெச்சுட்டுப் போங்க சாமி. மனசத் தளர உடாதீங்க” என்று பஸ் வரைக்கும் வந்து, நான் உட்காரும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மரியாதை தெரிந்த வியாபாரி என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் பொண்டாட்டியின் சீர்ப் பாத்திரம் கடைக்கு வந்தால் ஒரே அர்த்தம்தான். குடும்பம் முழுகிவிட்டது. அது எனக்குத் தெரியாதா? தெரியும். கால் நீட்டும் ஆசையில் மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை வாசலில் லாரி வந்து நின்றது. மச்சான் அர்த்தநாரி கண் கலங்க இறங்கினார். பின்னால் என் மூன்று சாக்கும் இருந்தன. அதோடு நெல் மூட்டை, கடலைக்காய் மூட்டை, தையல் மிஷின், இரும்பு பீரோ, ஒரு கயிற்றுக் கட்டில். கடைசியாக ஓர் எருமை.

“நாங்க இருக்கறப்ப நீங்க எதுக்கு மாப்ள சீர விக்கோணும்?”

“கஷ்டமில்லீங்க மச்சான். நான் எளிமையா...”

“பேசாதீங்க. வீரபாகு எல்லாஞ் சொல்லிட்டாரு. ஆறடி போதும்னீங்களாமா.” துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வசந்தாமணியும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைக்க அங்கே ஒன்றுமில்லை. பீரோ எங்கே நிற்க வேண்டும் என்று சுவரில் முன்னமே கரியால் கோடு போட்டு வைத்திருந்தாள். கோடு என் பாய்க்கு நேர் மேலே இருந்தது.

மத்தியானத்துக்குள் வீடு நிரம்பிவிட்டது.

“நான் எங்க புள்ள படுக்கறது?”

“வெளிய வேப்பமரத்தடியில கட்டில் போட்டிருக்கேனுங்க. எருமைக்குப் பக்கத்துல. தாராளமா நீட்டிக்கலாம்.”

போய்ப் படுத்தேன். கால் எதிலும் இடிக்கவில்லை. பதினாறு வருசத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து கிடந்தேன். எருமை அசைபோட்டபடி என்னையே பார்த்தது. அங்கிருந்தே வீட்டுக்குள் பார்த்துக் கேட்டேன்.

“நான் செத்தா எங்க கெடத்துவ?”

அவள் புதுப் பீரோவைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “அதான் இப்பவே வெளிய இருக்கீங்களே. தூக்கறவங்களுக்குச் சுளுவுங்க.”