கருத்தின் கொள்ளளவு

காரியத்தைச் செய்பவர்கள் உண்டு, செய்யாதவர்கள் உண்டு, செய்ததாகச் சொல்லிக்கொள்பவர்களும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் ஒரு படி மேலே, மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பவர்தான் 'கருத்தில் கொள்பவர்'. எந்த நகராட்சிக்குப் போனாலும் பார்க்கலாம். தேடி அலைய வேண்டாம். நகரமைப்புப் பிரிவு, ஜன்னலோர மேஜை. அது நான்தான்.

வெள்ளமோ தீயோ நிலநடுக்கமோ எது வந்தாலும் ஊர் தாங்குகிற மாதிரி நகரத் திட்டம் போடுங்கள் என்று மேலிடத்து உத்தரவு வரும். உடனே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வரைபடத்தை விரித்து, தாழ்வான இடத்துக்கெல்லாம் நீலம் பூசி, டீ வரவழைத்துக் குடித்து, கால்வாய்க் கரையில் வீடு கட்ட விடலாமா என்று யாரோ முனகியதும் "வெள்ள அபாயம் கருத்தில் கொள்ளப்பட்டுள்ளது" என்று ஒரு வரி சேர்த்து, கையோடு வீட்டுக்கும் அனுமதி கொடுத்துவிட்டு எழுந்திருப்போம். அபாயத்துக்கும் திருப்தி, வீடு கட்டுபவருக்கும் திருப்தி. அடுத்து வந்த குழு அந்த நீலத்தை ஏரி என்று நினைத்துப் படகுத் துறைக்கு இடம் ஒதுக்கியது. அதையும் கருத்தில் கொண்டோம். கால்வாயின் கொள்ளளவு மழைக்கு மழை குறைகிறது. எங்கள் கருத்தின் கொள்ளளவு? அதற்குக் கரையே கிடையாது.

அந்த நீலத்துக்குள்தான் என் அக்கா வீடு. அத்தானுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை, சக்கர நாற்காலிதான். வெள்ளம் வந்தால் அவர்கள் தெருக்காரர்கள் போய்த் தங்க நாங்கள் தேர்ந்தெடுத்த சமுதாயக் கூடம் நல்ல மேட்டில் இருக்கிறது. அங்கே போக ஒரே வழி, ரயில் பாதைக்கு அடியில் போகிற சுரங்கப்பாதை. ஊரில் முதல் தூறலுக்கே நிரம்புவதும் அதுதான். அக்கா விவரம் கேட்டபோது நான் கூடத்தின் உயரத்தைப் பற்றி விரிவாக எடுத்துச் சொன்னேன்.

"உயரம் இருக்கட்டும்டா. வெள்ளம் வந்தா இவரை அந்தப் பள்ளத்துல எப்படி உருட்டிட்டுப் போறது?"

"அதெல்லாம் கருத்துல வச்சிருக்கோம்க்கா."

அவளும் நம்பினாள். தம்பி ஆபீஸில் இருக்கிறான், விட்டுவிடுவானா?

மழை வந்தது. முழங்கால் தண்ணீரில் தட்டுத் தடுமாறி நான் போய்ச் சேர்ந்தபோது, அத்தானைக் கட்டில்மேலும் கட்டிலைச் செங்கல்மேலும் ஏற்றிவிட்டு, அவர் கையைப் பிடித்தபடி அக்கா நின்றிருந்தாள். சுரங்கப்பாதை கூரை தொட நிரம்பிவிட்டது. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"உன் கருத்துல இன்னும் கொஞ்சம் இடம் இருந்தா, இவரையும் அங்கயே ஏத்திடு."

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. பக்கத்து வீட்டுத் தச்சர் தன் வீட்டுக் கதவைக் கழற்றினார். அத்தானை அதில் படுக்கவைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்து மாடிக்குத் தூக்கிப் போனோம். இவ்வளவு பக்கத்தில், சுரங்கப்பாதைக்கு இந்தப் பக்கமே, ஒரு மாடி இருந்ததா என்கிறீர்களா? இருந்தது. கல்வித் துறையின் கட்டடம் என்பதால் எங்கள் வரைபடத்தில்தான் இல்லை.

தண்ணீர் வடிந்தபின் நடந்த கூட்டத்தில் வழக்கத்துக்கு மாறாக நான் எழுந்து நின்றேன். பள்ளிக்கூட மாடியை முகாமாக்க வேண்டும், நாற்காலி ஏறச் சாய்தளம் கட்ட வேண்டும், கல்வித் துறையோடு இன்றே பேச வேண்டும் என்று சொன்னேன். தலைவர் கனிவாகப் பார்த்து, நல்ல யோசனை என்றார். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. பேனாவை எடுத்தேன். "கருத்தில் கொள்ளப்பட்டது" என்று கை தானாகவே எழுதி முடித்துவிட்டது. நேற்று மேகம் கறுத்தபோது அக்கா வானத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

சிரிக்கிறீர்கள், தெரிகிறது. நன்றாகச் சிரியுங்கள். அது போகட்டும், உங்கள் தெருமுனையில் மழைநீர் வடிகாலை அடைத்துக்கொண்டு ஒரு பழைய மெத்தை கிடக்கிறதே, தினமும் அதைத் தாண்டும்போது, யாராவது எடுத்துப் போட்டால் என்ன என்று நினைத்துக்கொள்கிறீர்கள் அல்லவா?

என் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. எப்போது வந்து சேர்கிறீர்கள்?