ஐந்து வீட்டு ஒயர்

ஜெகநாதன் ஃபிரிஜ்ஜின் பிளக்கைச் செருகினார். அவர் வீட்டு பல்பு அணைந்தது. அதோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார். சந்தில் இருந்த மற்ற ஐந்து வீட்டு பல்புகளும் அணைந்து, பட்டப்பகலில் ஐந்து வீட்டுத் தறிச் சத்தமும் ஒன்றாக நின்றுபோனது.

பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஆரணிக்கு வந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஊர்ப் பிழைப்பில் கை வைத்துவிட்டோமே என்று அவருக்கு வியர்த்தது.

ஜெகநாதன் பிறந்ததும் வளர்ந்ததும் மலேசியாவில், ஈப்போவில். இந்தியா அவருக்கு அப்பா வாயால் கேட்ட ஊர், அவ்வளவுதான். பெரியப்பா பழனி பிள்ளையில்லாமல் காலமாகி, பட்டுநெசவுக்காரர் சந்தில் இருந்த வீடு இவருக்கு வந்து சேர்ந்தது. ரயில்வே குமாஸ்தா வேலையிலிருந்து ஓய்வு வாங்கிக்கொண்டு, எழுபத்தாறாம் வருஷம் தை மாதம் முதல் ஆளாகக் கப்பலேறி வந்துவிட்டார்.

மனைவி பூங்காவனம் வரவில்லை. அவளும் அங்கேயே பிறந்தவள். சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரியும் வீட்டில் முப்பது வருஷம் குடித்தனம் செய்தவள். "லைட் எரியுதுன்னு தந்தி வந்தாத்தான் நான் கப்பல் ஏறுவேன். வந்து பார்த்து எரியலைன்னா அதே கப்பல்ல திரும்பிடுவேன்" என்று துறைமுகத்தில் வைத்தே சொல்லிவிட்டாள். பூங்காவனம் சொன்னால் செய்கிறவள். அவள் இல்லாமல் இங்கே ஒரு நாள் தள்ளுவதே தனக்குப் பெரிய காரியம் என்பது முதல் நாள் சோறு வடித்தபோதே ஜெகநாதனுக்குத் தெரிந்துவிட்டது.

வந்த அன்று வீட்டில் இருந்த சுவிட்சையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். எதுவும் எரியவில்லை. மூன்று வருஷமாகச் சாவியை வைத்திருந்த பக்கத்து வீட்டு இராஜமாணிக்கத்திடம் கேட்டார்.

"ஊடு பூட்டிகினு கெடந்தா கரண்ட் எங்கங்க இருக்கும்?" என்றார் இராஜமாணிக்கம்.

கரண்ட் ஆபீஸுக்குப் போய் மனு எழுதித் தரட்டுமா என்று ஜெகநாதன் கேட்டதும் அவர் பதறிவிட்டார். "ஆபீஸ் பக்கம் மட்டும் போவாதீங்க. அலைய வுட்டு பேஜார் பண்ணிடுவாங்க. எங்க ஊட்டுல எரிஞ்சிகினு இருக்கும்போது உங்க ஊடு இருட்டா கெடந்தா, நாங்க என்ன மனுசங்க?"

சொன்ன கையோடு தன் வீட்டிலிருந்து சுவர் மேலாக ஒரு ஒயரை இழுத்து, ஜெகநாதன் வீட்டுக் கூடத்தில் பல்பை எரியவிட்டார். ஈப்போவில் பக்கத்து வீட்டுக்காரன் பெயரே இவருக்குத் தெரியாது. இங்கே முன்பின் தெரியாத மனிதர் தன் வீட்டு வெளிச்சத்தில் பாதியைப் பிய்த்துக் கொடுக்கிறார். ஜெகநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஈப்போவிலிருந்து கொண்டுவந்த மைலோ பானப்பொடி டின் ஒன்றை அவர் கையில் திணித்துவிட்டு, நேரே தபாலாபீஸ் போய்த் தந்தி அடித்தார். விளக்கு எரிகிறது, புறப்படு.

பூங்காவனம் கப்பலேறிவிட்டாள். அதற்குப் பிறகுதான் மதராஸிலிருந்து லாரியில் ஃபிரிஜ் வந்து இறங்கியது.

ஃபிரிஜ்ஜால் சந்தே இருண்டதும் எல்லோரும் சண்டைக்கு வருவார்கள் என்று ஜெகநாதன் எதிர்பார்த்தார். வந்தார்கள், ஆனால் ஃபிரிஜ்ஜைப் பார்த்துவிட்டு, தொட்டுப் பார்த்துவிட்டு, சண்டை போடாமல் போனார்கள். இராஜமாணிக்கம் ஃபியூஸ் கம்பியைக் கொஞ்சம் தடிப்பாகச் சுற்றி மாட்டினார். எதிர்வீட்டு விருத்தாம்பாள், தறியோடு பட்டுநூலும் சுற்றிப் பிழைக்கிறவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்.

"அவரு ஒருத்தர் ஊட்டு கரண்ட் எப்படிங்க தாங்கும்? எங்க ஊட்டுல இருந்தும் ஒண்ணு இழுத்துக்குங்க."

இழுத்துக்கொண்டார். ஃபிரிஜ் ஓடியது. ஆனால் சந்து முழுக்க பல்பெல்லாம் பழுத்த எலுமிச்சம்பழ நிறத்துக்கு வந்துவிட்டன. கடைசி வீட்டுத் தசரதன் போளூர்க் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை நெய்துகொண்டிருந்தார். தறிக்குழியில் உட்கார்ந்தால் பகலிலும் பல்பு வேண்டும். அந்த மங்கலில் மயில்பச்சைக்குப் பதில் கிளிப்பச்சையை எடுத்து நாலு விரற்கடை நெய்துவிட்டார்.

ஜெகநாதன் ஓடிப்போய் அவர் முன்னால் கை கட்டி நின்றார். தசரதன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவிழ்த்துவிட்டுத் திரும்ப நெய்தால் போச்சு, இதுக்குப் போய் என்னங்க என்றவர், வெளிச்சம் போதவில்லையென்றால் தன் வீட்டிலிருந்தும் ஒரு ஒயர் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

இவர்கள் மனிதர்கள்தானா என்று ஜெகநாதன் மலைத்துப்போனார். அதையும் எடுத்துக்கொண்டார். மறுநாள் மீதி இரண்டு வீட்டுக்காரர்களும் தங்களை ஒதுக்கிவிட்டதாகக் கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு ஒயரோடு வந்தார்கள். ஆக ஐந்து வீட்டு ஒயர்களும் அவர் கூடத்தில் வந்து இறங்கின. கூடத்து பல்பு இராஜமாணிக்கம் வீட்டுக் கரண்டில் எரிந்தது, மின்விசிறி விருத்தாம்பாள் கரண்டில் சுற்றியது, ஃபிரிஜ் தசரதன் தயவில் குளிர்ந்தது. ஒயர் கூடக்கூட வெளிச்சம் ஏன் குறைகிறது என்பது மட்டும் அவருக்கு விளங்கவில்லை. இந்திய மின்சாரத்தின் குணமே அப்படி இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வீடு மைலோ போய்ச் சேர்ந்தது. டின் தீர்ந்ததும், தான் ஆசையாகக் கொண்டுவந்த இரண்டு சட்டைகளையும் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதராஸுக்குப் போய்ப் பூங்காவனத்தை அழைத்துக்கொண்டு, பஸ் பிடித்து, மாலை மூன்று மணிக்குச் சந்துக்குள் நுழைந்தார். அக்கம்பக்கமெல்லாம் வாசலில் நின்று பார்த்தது. "நீயே தட்டு" என்று பெருமையோடு சுவிட்சைக் காட்டினார்.

பூங்காவனம் தட்டினாள். பல்பு எரிந்தது. மின்விசிறியைத் தட்டினாள், சுற்றியது. ஃபிரிஜ்ஜைத் தட்டினாள். இராஜமாணிக்கம் வீட்டுப் பக்கம் டமார் என்று ஒரு சத்தம். பல்பு அணைந்தது, விசிறி நின்றது, ஐந்து வீட்டுத் தறியும் நின்றன. எல்லா வீட்டு ஒயரிலிருந்தும் கருகல் வாடை வந்தது.

பூங்காவனம் வாசலுக்குப் போய்த் தன் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்தாள்.

"அடுத்த கப்பல் என்னைக்கு?" என்று கேட்டாள்.

ஜெகநாதனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதைவிட, மூன்று நாளில் முகூர்த்தத்தை வைத்துக்கொண்டு இருட்டுத் தறியில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற தசரதனைப் பார்க்க முடியவில்லை. நம்மால் வந்த வினை, அபராதமோ ஜெயிலோ நாமே போய் ஏற்றுக்கொள்வோம் என்று முடிவு செய்தார். இராஜமாணிக்கம் சட்டையைப் பிடித்து இழுத்து வேண்டாங்க வேண்டாங்க என்று கெஞ்சியும் கேட்காமல் கரண்ட் ஆபீஸுக்கு நடந்தார். தனக்காக அந்த மனிதர் இவ்வளவு துடிக்கிறாரே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனார்.

ஆபீஸில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். நான் வெளிநாட்டான், அந்த ஏழை நெசவாளிகள் கரண்டைத் திருட்டுத்தனமாகக் குடித்து அவர்கள் ஃபியூஸையும் எரித்துவிட்டேன், தண்டனையை எனக்குக் கொடுங்கள், வெளிச்சத்தை அவர்களுக்குக் கொடுங்கள் என்றார். லைன்மேன் வேடியப்பன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வந்தார்.

சந்துக்கு வந்தபோது இராஜமாணிக்கத்தைக் காணோம். அவசரமாகத் தேசூருக்குப் போய்விட்டதாக அவர் வீட்டில் சொன்னார்கள்.

வேடியப்பன் கம்பத்தில் ஏறினார், இறங்கினார். இராஜமாணிக்கம் வீட்டு நடையில், இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் மாட்டியிருந்த மீட்டரின் எண்ணைப் பார்த்தார். நோட்டைப் புரட்டினார். பெட்டி மேல் உட்கார்ந்திருந்த பூங்காவனத்தையும், கை கூப்பியபடி நின்ற ஜெகநாதனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பழனின்றது உங்களுக்கு யாருங்க?"

"என் பெரியப்பா" என்றார் ஜெகநாதன்.

வேடியப்பன் நோட்டை மூடினார்.

"இந்தச் சந்துக்கு இருக்கறதே ஒரு கனெக்‌ஷன்தாங்க. அது அவரு பேர்ல உங்க ஊட்டுக்குக் குடுத்தது. மூணு வருசமா உங்க ஊட்டு ஃபியூஸை மட்டும் புடுங்கி வெச்சிட்டு, அஞ்சு ஊடும் உங்க கரண்ட்லதான் நெய்துகினு இருக்குது."