கள்ளிச்சள்ளையில் கொக்கு சிறகு விரித்த வரலாறு

தை சி என்னும் சீனத்து மெதுவான கைவீச்சுக் கலை நிஜமான அடிதடியில் உதவுமா, உதவாதா என்று உலகம் நெடுநாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது. இணையத்தில் இதற்காகவே சண்டை போட்டுக்கொள்கிறார்கள். அந்தச் சண்டையில் யாரும் தை சியைப் பயன்படுத்துவதில்லை. போகட்டும். உலகம் இனி நிம்மதியாகத் தூங்கலாம். பாலக்காட்டுக்குக் கிழக்கே, எலப்புள்ளியைத் தாண்டித் தென்னந்தோப்புகளுக்கு நடுவில் கிடக்கும் கள்ளிச்சள்ளை என்ற எங்கள் சிற்றூர் இந்தக் கேள்விக்கு முடிவான விடையைக் கண்டுபிடித்துவிட்டது.

விடை: உதவும்.

இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. நான் 'கள்ளிச்சள்ளை ஜனகீய தற்காப்பு சமிதி', அதாவது மக்கள் தற்காப்புக் குழுவின் செயலாளர். தற்காப்பு என்றால் என்ன என்று என்னைவிட நன்றாக அறிந்தவர் எங்கள் தலைவர் மோகனசுந்தரம் ஒருவர்தான். ஊரின் தோப்புகளில் பாதி அவருடையது. மீதித் தோப்புகளின் வேலி அவருடையது.

இத்தனை பெரிய விஷயம் ஒரு பல்பில் தொடங்கியது என்பதை நினைத்தால் எனக்கே வியப்பாக இருக்கிறது. செல்வப்பிரியா எங்கள் ஊர் மருமகள். கஞ்சிக்கோட்டில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. பேக்கிங் பிரிவில் அவளை சூப்பர்வைசராக உயர்த்தியிருந்தார்கள். அங்கே ஒரு பெண்ணுக்கு அந்தப் பதவி கிடைத்தது அதுவே முதல் தடவை. ஆனால் சூப்பர்வைசர் கடைசி ஆள் கிளம்பும்வரை இருக்க வேண்டும். பஸ்ஸை விட்டு மெயின் ரோட்டில் இறங்கும்போது இருட்டிவிடும். அங்கிருந்து ஊருக்குக் கால்வாய் மேட்டுப் பாதைதான் வழி. பாதையின் நடுவே ஒரு மின்கம்பம் உண்டு. கம்பத்தில் பல்பு மட்டும் இல்லை. அந்த இடத்தில் கொஞ்ச நாளாக ஹெல்மெட் போட்ட ஒருவன் பெண்களின் பின்னாலேயே வருவதும், வாய்க்கு வந்ததைப் பேசுவதுமாக இருந்தான்.

செல்வப்பிரியாவின் கணவன் தீர்மானமாகச் சொல்லிவிட்டான். "லைட்டு வந்தா வேலைக்குப் போ. வரலீன்னா ஊட்ல இருந்து எருமையப் பாரு."

அவள் நேராகச் சமிதிக் கூட்டத்துக்கு வந்தாள்.

"ஏனுங்க, ஒரே ஒரு லைட்டுங்க. கம்பங்கூட நிக்குது. பல்பு மாட்டுனாப் போதுமுங்க."

தலைவர் புன்னகைத்தார். "அம்மிணி, நீ கேக்கறது பல்பு. நாங்க குடுக்கப் போறது தன்னம்பிக்கை."

"தன்னம்பிக்கைல வழி தெரியுமுங்களா?"

இந்த மாதிரிக் கேள்விகள்தான் நம் பெண்களின் முன்னேற்றத்துக்குத் தடையாக இருக்கின்றன. பல்பு இன்று எரியும், நாளை ஃபியூஸ் ஆகும். மேலும், ஒரு பல்புக்கு உத்காடனம் என்ற திறப்பு விழா வைத்தால் எத்தனை பேர் வருவார்கள்? நம் பக்கத்தில் உத்காடனம் இல்லாமல் ஒரு கோழிக்கூடுகூடத் திறக்கப்படுவதில்லை. ஆகவே சமிதி ஏகமனதாகத் தீர்மானித்தது: பெண்களுக்குத் தை சி.

பயிற்சியாளராக 'மாஸ்டர்' செங்கோட்டையன் நியமிக்கப்பட்டார். கோழித்தீவன ஏஜென்சி நடத்துபவர். அதற்கு முன்பு சிங்கப்பூரில் சாரம் கட்டும் வேலையில் இருந்தார். அவர் தங்கியிருந்த கட்டடத்துக்கு எதிரே ஒரு பூங்கா. தினமும் காலையில் பல் தேய்த்தபடி, அங்கே சீனத்துப் பெரியவர்கள் கையை மெதுவாக வீசுவதை அவர் ஜன்னல் வழியாகக் கவனித்திருக்கிறார். மூலத்திலிருந்து நேரடியாகக் கற்றவர் என்று துண்டுப் பிரசுரத்தில் போட்டோம்.

"அவங்க ஆரையாச்சும் அடிச்சுப் பாத்திருக்கீங்களா மாஸ்டர்?" என்று செல்வப்பிரியா கேட்டாள்.

"இல்ல கண்ணு. ஆனா அவங்களையும் ஆரும் அடிக்கல. அதுதான் வித்தையோட மகிமை."

உத்காடனம் அந்தக் கால்வாய் மேட்டிலேயே, மின்கம்பத்தின் அடியிலேயே நடந்தது. ஜெனரேட்டர் வந்தது. நாலு பக்கமும் ஃபோகஸ் லைட். கம்பத்தை வீணாக்காமல் அதில் ஒரு பெரிய ஃபிளெக்ஸ் கட்டினோம். 'பெண்ணே, நீயே உனக்குக் காவல்!' என்ற வாசகத்தின் கீழே தலைவர் கொக்கு மாதிரி இரண்டு கைகளையும் விரித்து நின்றார். குத்துவிளக்கு ஏற்றினோம். பொன்னாடை போர்த்திக்கொண்டோம். பிறகு நிகழ்ந்ததுதான் அதிசயம்.

தலைவரின் டிராக்டர் ஓட்டும் குப்பண்ணன் தாக்குபவராக மேடையில் ஓடி வந்தார். எருமையைத் தோளால் தள்ளி வழி வாங்கும் ஆள். தலைவர் கண்ணை மூடினார், மூச்சை இழுத்தார், உள்ளங்கையை மெதுவாக முன்னே நீட்டினார். கை படவே இல்லை. இரண்டு முழம் தள்ளி இருக்கும்போதே குப்பண்ணன் "அம்மா!" என்று அலறி, பின்னால் பறந்து, கால்வாய்க்குள் விழுந்தார். நல்லவேளை, தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. எனக்குக் கண் கலங்கியது.

ஈரத்தைப் பிழிந்துகொண்டிருந்த குப்பண்ணனிடம் செல்வப்பிரியா கேட்டது என் காதில் விழுந்தது. "ஏனுங்கண்ணா, தொடறதுக்கு முந்தியே உழுந்துட்டீங்களே?"

"தலைவரு கையத் தூக்குனா, நான் நிக்கலாமுங்களா அம்மிணி?"

இதை நான் அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

விழா முடிந்து ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றினோம். ஃபோகஸ் லைட்டுகளைக் கழற்றினோம். குத்துவிளக்கைத் துடைத்துப் பெட்டியில் வைக்கும்போது செல்வப்பிரியா மறுபடியும் வந்தாள்.

"அந்த வெளக்கையாச்சும் இங்கயே வெச்சுட்டுப் போங்க."

"அது கோயில் வெளக்கு புள்ள" என்றேன். பெண்கள் மொபைல் வெளிச்சத்தில் வீட்டுக்குப் போனார்கள்.

வகுப்புகள் ஞாயிறுதோறும் தலைவரின் களத்து மேட்டில் நடந்தன. மாஸ்டர் இரண்டு பாடங்களை மட்டும் விடாமல் நடத்தினார். முதலாவது, வெள்ளைக் கொக்கு சிறகு விரித்தல். மூச்சை இழுத்து, இரண்டு கைகளையும் மெல்ல உயர்த்தி, கழுத்தை நீட்டி நிற்க வேண்டும். இரண்டாவதுதான் கலையின் உயிர். "வர்ற வேகத்த எதுக்கவே கூடாது. சித்தெ ஒதுங்கி, கையால வாங்கி, பக்கத்து ஆளு மேல தள்ளி உட்ரோணும். அடி வரும். ஆனா நம்ம மேல படாது." இதைத் தலைவரும் நானும் மிகுந்த ஈடுபாட்டோடு பயின்றோம்.

எதையும் மறைக்கக் கூடாது. பலன் கிடைத்தது. செல்வப்பிரியாவோடு அதே கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் முத்தாத்தாளுக்குப் பல வருஷமாக முட்டிவலி. "மாஸ்டர், இப்ப சம்மணம் போட்டு உக்கார முடியுதுங்க" என்று அவர் சாட்சி சொன்னார். முட்டியை வைத்து ஹெல்மெட்காரனை என்ன செய்வது என்ற பாடம் மட்டும் பாக்கி இருந்தது.

அதற்குள் அவனே திருடனாக வந்துவிட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை, பொழுது சாய்ந்து சற்று நேரத்தில், கம்பத்தின் அருகே ஹெல்மெட்காரன் செல்வப்பிரியாவின் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு ஓடினான். மறுநாளே சமிதி அவசர விசாரணைக் கூட்டத்தைக் கூட்டியது. ஒரு மகத்தான கலையின் பெயருக்குக் களங்கம் வந்திருக்கிறதே!

செல்வப்பிரியா கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு வந்து நின்றாள். கயிற்றுக்கு மேலே சிவப்பாக ஒரு கோடு. அவளுடைய மாமியார் ராத்திரியெல்லாம் அழுததாகக் கேள்விப்பட்டோம். அதை நாங்கள் விசாரணையில் சேர்த்துக்கொள்ளவில்லை.

"பதட்டப்படாமச் சொல்லு கண்ணு. வித்தையப் பயன்படுத்துனியா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"பயன்படுத்துனேனுங்க. கை தானா மேல போயிருச்சு. இத்தனை ஞாயித்துக்கெழமை அதத்தானுங்களே பழகுனோம்? கொக்கு மாதிரி ரெண்டு கையையும் தூக்குனேன். கழுத்து அவனுக்குச் சௌரியமா நின்னுச்சு. எடுத்துட்டுப் போயிட்டானுங்க."

"மூச்சு உட்டியா?"

"உட்டேனுங்க. 'ஐயோ'ன்னு உட்டேன்."

மாஸ்டர் யோசித்தார். "வெசையா வந்தானா, மெதுவா வந்தானா?"

"திருட வர்றவன் மெதுவாவா வருவானுங்க?"

"பாத்தீங்களா!" என்று மாஸ்டர் எங்கள் பக்கம் திரும்பினார். "தப்பு அவன் மேல. அவனுக்குப் பயிற்சி இல்ல."

கூட்டத்தில் ஒரு நிம்மதி பரவியது. இத்தனை தெளிவான கண்டுபிடிப்பை நான் எந்த விசாரணையிலும் பார்த்ததில்லை. குப்பண்ணன் பயிற்சி பெற்றவர், ஆகவே விழுந்தார். இவன் பயிற்சி பெறாதவன், ஆகவே ஓடினான். இரண்டாம் கட்டத்தில் தாக்குபவர்களுக்கும் வகுப்பு நடத்த வேண்டும் என்று தலைவர் முன்மொழிந்தார். நான் வழிமொழிந்தேன்.

அடுத்து முத்தாத்தாளின் ஒழுங்கீனம் விசாரிக்கப்பட்டது. பின்னால் நடந்து வந்துகொண்டிருந்த அவர், பாடத்திட்டத்தில் எங்குமே இல்லாத ஒரு எவர்சில்வர் சாப்பாட்டுத் தூக்குப்போசியைத் திருடன் மீது வீசியிருக்கிறார். அது குறி தவறி, ஃபிளெக்ஸில் தலைவரின் மூக்கைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது.

"தலைவரோட மூக்குமேல வீசலாமுங்களா ஆத்தா?" என்றேன், கண்டிப்பும் மரியாதையுமாக.

"நான் எங்கீங்க மூக்கக் கண்டேன்? கும்மிருட்டு. வெளிச்சம் இருந்திருந்தா அவன் மண்டையிலயே உழுந்திருக்கும்."

அவருக்குக் கண்டனம் தெரிவிக்கப்பட்டது. ஃபிளெக்ஸ் புதிதாக அடிக்கப்பட்டது.

செல்வப்பிரியா போகாமல் நின்றாள். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. "போன தாலி போகட்டுமுங்க. திங்கக்கெழம நான் வேலைக்குப் போகோணும். இல்லீன்னா அந்த எடத்துக்கு வேற ஆளப் போட்டுருவாங்க. லைட்டு ஆரு போடுவீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

நல்லவேளையாக அன்று கால்வாய் ஆபீஸ்காரரும் கரண்ட் ஆபீஸ் ஓவர்சியரும் சிறப்பு அழைப்பாளர்களாக வந்திருந்தார்கள். கேள்வி முதலில் தலைவரை நோக்கித்தான் வந்தது. தலைவர் எதிர்க்கவில்லை. சற்று ஒதுங்கினார். "நியாயமான கேள்வி. ஆனா கம்பம் நிக்கறது கால்வாய் மேட்டுல. அனுமதி அவங்க குடுக்கோணும்."

கால்வாய் ஆபீஸ்காரர் அதை மென்மையாகக் கையில் வாங்கினார். "எடம் நம்மளது. ஒத்துக்கறேன். ஆனா கம்பம் கரண்ட் ஆபீஸோடது பாருங்க."

ஓவர்சியர் இடுப்பைக்கூட அசைக்கவில்லை. "கம்பம் எங்களது, சரி. லைட்டு வேணும்னு ஊர்ச் சமிதிதான் அபேட்சை மனு வெக்கோணும்." அப்படியே தலைவரைப் பார்த்தார்.

கேள்வி ஒரு வட்டம் சுற்றி, யார் மீதும் ஓர் உரசல்கூட இல்லாமல், மறுபடியும் செல்வப்பிரியாவின் காலடியிலேயே போய் விழுந்தது. யாருடைய மூச்சும் கூடவில்லை, யாருக்கும் வேர்க்கவில்லை. மாஸ்டர் என் கையை இறுகப் பற்றிக்கொண்டார். "செயலாளரே, இதுதானுங்க தை சி! சிங்கப்பூர்ல கூட இத்தன சுத்தமா நான் பாக்கல."

செல்வப்பிரியா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். பிறகு மேசைமேல் இருந்த தன் மொபைலை எடுத்து, டார்ச்சைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். பட்டப்பகல் அது. எதற்காக டார்ச் போட்டாள் என்று இன்றுவரை சமிதிக்கு விளங்கவில்லை.

அவள் திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. சூப்பர்வைசர் நாற்காலியில் இப்போது வேறொருவர் உட்காருகிறார். ஆண். அவருக்கு பைக் இருக்கிறது. செல்வப்பிரியா எருமையைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் வேலையை விட்டு நின்றதும் முத்தாத்தாளும் நின்றார். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். சில மாதங்கள் கழித்துச் சமிதி கணக்கெடுத்தபோது எங்களுக்கே மெய்சிலிர்த்தது. கால்வாய் மேட்டுப் பாதையில் பொழுது சாய்ந்த பிறகு ஒரு பெண்கூடத் தாக்கப்படவில்லை. ஒரு பெண்ணும் நடக்கவில்லை என்பது வேறு விஷயம். ஹெல்மெட்காரன்கூட வெறுத்துப்போய் வருவதை நிறுத்திவிட்டான்.

இந்தச் சாதனைக்காக எங்களுக்கு 'சிறந்த மகளிர் பாதுகாப்புச் சமிதி' விருது கிடைத்தது. விழா அதே கம்பத்தின் அடியில்தான். ஜெனரேட்டர், ஃபோகஸ் லைட், பொன்னாடை. குப்பண்ணன் மறுபடியும் கால்வாயில் விழுந்தார். இந்தத் தடவை தண்ணீர் இல்லை. தலைவர் அவருக்குக் கட்டுப்போட ஏற்பாடு செய்தார்.

மேடையை விட்டு இறங்கும்போது பாலக்காட்டிலிருந்து வந்திருந்த நிருபர் ஒருவர் மைக்கை என் முன்னே நீட்டினார். "உண்மையைச் சொல்லுங்க. இந்தத் தை சி நிஜமாவே தற்காப்புக்கு உதவுதுங்களா?"

தூரத்தில், கூட்டத்தின் கடைசியில், எருமையைப் பிடித்துக்கொண்டு செல்வப்பிரியா நிற்பது ஃபோகஸ் வெளிச்சத்தில் தெரிந்தது. கழுத்தில் அந்த மஞ்சள் கயிறு. நான் கண்ணை மூடினேன், மூச்சை இழுத்தேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்:

"என்னுங்க இப்பிடிக் கேட்டுட்டீங்க! அந்தப் புள்ள எத்தனை தடவ வந்து லைட்டு கேட்டுச்சு! எங்க ஒருத்தர் மேலயாச்சும் ஒரு கீறல் உழுந்திருக்குதுங்களா, பாருங்க!"