கடலோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்

ராமநாதபுரம் கடற்கரையில் கடலோடு பேச்சுவார்த்தை இல்லாமல் பிழைப்பு நடத்திய ஒரே மனிதர் எங்கள் ஈரப்பதம் அண்ணன்தான். அவர் வேலை பார்த்த அறைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சுவரும் நாலு சவுக்கு மரமும்தான். ஆனாலும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார். பகையாளி வீட்டுக் கல்யாண மேளம் கேட்டதும் ஜன்னலைச் சாத்துகிற பங்காளியைப் போல, அலைச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துவார்.

முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போடுகிற குடும்பம். களத்தில் பழம் காய்கிற நேரத்தில் மேகம் கறுத்தால் என்ன பாடு என்று சின்ன வயதிலேயே பார்த்தவர். உலகத்தில் நடக்கிற அத்தனை கெடுதலுக்கும் அவரிடம் ஒரே விடைதான் இருந்தது. பஸ் பிரேக்டவுன் ஆனால், "ஈரப்பதம்." பக்கத்து வீட்டுப் பையன் பரீட்சையில் கோட்டை விட்டால், "ஈரப்பதம்." அவருடைய நிஜப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம்.

நாங்கள் இருந்தது ஒரு இறால் குஞ்சுப் பொரிப்பகம். குஞ்சுகளைத் தண்ணீரோடு பாலித்தீன் பையில் விட்டு, ஆக்ஸிஜன் அடைத்து, வாயில் ரப்பர் பேண்டு போட்டுப் பண்ணைகளுக்கு அனுப்ப வேண்டும். ரப்பர் பேண்டு போடும் மகத்தான பொறுப்பு என்னுடையது. நான் படித்த பி.எஸ்ஸி. பௌதிகத்துக்கு அவ்வளவு தூரம்தான் நடக்க முடிந்தது.

ஆக்ஸிஜன் சிலிண்டர்கள் மதுரையிலிருந்து லாரியில் வந்துகொண்டிருந்தன. பல நாள் வராமலும் இருந்தன. வெறுத்துப்போன முதலாளி, காற்றிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிரித்துத் தருகிற மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டு, அதைப் பார்த்துக்கொள்ள அண்ணனை வைத்தார். ஆள் உயரத்துக்கு இரண்டு உருளைகள். உள்ளே ஜவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகள். கம்ப்ரஸர், அறைக் காற்றை இழுத்து அழுத்தத்தோடு ஒரு உருளைக்குள் தள்ளும். மணிகள் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆக்ஸிஜனைப் போக விடும். அழுத்தத்தைக் குறைத்தால் பிடித்த நைட்ரஜனை 'புஸ்ஸ்' என்று விட்டுவிடும். அது ஒரு குழாய் வழியே சுவருக்கு வெளியே போய்விடும். ஒரு உருளை பிடிக்கும்போது மற்றது விடும். ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட இரண்டு ஓரகத்திகள் முறை வைத்துக் கோபித்துக்கொள்வது போல. அண்ணனும் அவற்றுக்கு 'மூத்தவ', 'இளையவ' என்றுதான் பெயர் வைத்திருந்தார்.

அந்த மணிகளுக்கு ஈரம் ஆகாது. ஈரக்காற்று பட்டால் நைட்ரஜனை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கம்பெனிக்காரர் இதைச் சொல்லி முடித்த அந்த நிமிஷத்தில் அண்ணனின் வாழ்க்கைக்கு ஒரு அர்த்தம் கிடைத்துவிட்டது.

அதன் பிறகு அந்த அறைக்குள் ஈரத்தலையோடு யாரும் போக முடியாது. டீ கிளாஸ் போக முடியாது. பேக்கிங் அக்கா ஒருத்தி வீட்டுக்காரரோடு சண்டை போட்டுவிட்டு ஆறுதல் தேடி வாசலில் வந்து நின்றாள். "தாயி, அழுகுறத வெளியவே முடிச்சிட்டு வா. ஒரு பொழுது முழுக்க வேணாலும் கேக்குறேன்" என்றார். ஆயுத பூஜைக்கு வந்த ஐயர் தீர்த்தம் தெளிக்கக் கையைத் தூக்கியதும், மூத்தவள் தலைக்கு மேல் குடை விரித்துவிட்டார். "சாமி, தண்ணியில்லாம பூசை போடுங்க. புண்ணியம் கொஞ்சம் கொறஞ்சா பரவாயில்ல."

காற்று உலர்ந்துதான் வருகிறதா என்று பார்க்க அவரிடம் சொந்த முறை ஒன்று இருந்தது. பொரித்த அப்பளத்தை, உருளைக்குப் போகிற காற்றின் ஈரத்தை எடுக்கிற உலர்த்தியின் வாயருகே நூலில் கட்டித் தொங்கவிடுவார். மொறுமொறுப்பு போகாவிட்டால் சரி. ஒருநாள் மத்தியானம் ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமல் நான் அதை எடுத்துக் கடித்துவிட்டேன். "கருவியத் தின்னுட்டானே பாவி!" என்று அவர் போட்ட சத்தத்தில் முதலாளியே ஓடி வந்தார். கடித்தபோது நன்றாக மொறுமொறுத்தது என்று நான் வாக்குமூலம் கொடுத்த பிறகே அண்ணன் சமாதானமானார்.

முதலாளிக்கு இந்த வேடிக்கையெல்லாம் பிடிக்காது. அதற்குள் இரண்டு முறை மெஷின் நின்று குஞ்சுகள் செத்திருந்தன. "இன்னொரு தடவ நின்னுச்சுன்னா, மெஷினையும் உங்களையும் ஒரே லாரியில ஏத்தி அனுப்பிருவேன்ணே" என்று சொல்லிவிட்டார். அண்ணன் அன்று சாப்பிடவில்லை.

ஐப்பசியில் வாடைக்காற்று ஆரம்பித்தது. தொண்டிப் பக்கத்துப் பண்ணைக்குப் பெரிய லோடு. லாரி வந்து நிற்கிறது. ஆக்ஸிஜன் மீட்டர் தொண்ணூற்று மூன்று சதவீதத்திலிருந்து மெல்ல இறங்கத் தொடங்கியது. "ஈரக்காத்து உள்ள வருதுலே" என்று அண்ணன் ஜன்னல் சந்துகளில் டேப் ஒட்டினார். இன்னும் இறங்கியது. கதவிடுக்கில் சாக்கைச் செருகினார். இன்னும் இறங்கியது. பேக்கிங்கை நிறுத்திவிட்டார்கள். முதலாளி வந்துகொண்டிருப்பதாக போன் வந்தது.

நான் ஆறுதல் சொல்ல உள்ளே போனேன். அண்ணன் எனக்குப் பின்னால் கதவைச் சாத்திச் சாக்கை மறுபடி செருகினார். உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் எனக்குக் கொட்டாவியாக வந்தது.

"ஏலே, ஒரு கொட்டாவியில எம்புட்டு ஈரம் தெரியுமா? வாயை மூடு."

"முடியலண்ணே."

"அப்ப வெளிய போயி விட்டுட்டு வா."

எழுந்தேன். தரை லேசாகத் தொட்டில் போல ஆடியது. அண்ணன் மீட்டரில் இருந்த ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப வேறு வேறாக வாசித்துக்கொண்டிருந்தார். சாக்கை இழுத்துக் கதவைத் திறந்தேன். கடற்காற்று முகத்தில் அறைந்தது. கால் மடங்கி, பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாக நிலைப்படியில் விழுந்தேன். என் உடம்பு விழுந்தால் எந்தக் கதவையும் சாத்த முடியாது.

"கால மடக்குலே! காத்து வருது!"

"மடங்க மாட்டேங்குதுண்ணே."

என் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று விட்டுவிட்டார். "நம்பர் ஏறுதுலே" என்றார். பிறகு மெஷினுக்குப் பின்னால் போனார். 'பட்' என்று நெற்றியில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

நைட்ரஜன் வெளியே போகிற ஓட்டை வழியாகக் கடற்காற்று வந்துவிடும் என்று பயந்து, காலையில் அதைத் துணியால் அடைத்து, குழாயை அறைக்குள்ளேயே திருப்பிவிட்டிருக்கிறார். "துப்புன காத்தையே திருப்பித் திருப்பிக் குடிச்சிருக்காளுக ரெண்டு பேரும்" என்றார். பின்னாலிருந்து எட்டி என்னைப் பார்த்தார். "நம்மளுந்தாம்லே."

முதலாளி வந்து என்னைத் தாண்டி உள்ளே கால் வைத்தார். "என்ன ஆச்சு?"

படுத்த வாக்கில் நான் முந்திக்கொண்டேன். "எல்லாம் ஈரப்பதம் மொதலாளி."

"பொய்" என்றார் அண்ணன். "கொழாய அடச்சது நாந்தேன். மெசினு மேல ஒரு குத்தமுமில்ல. லாரியில என்னைய மட்டும் ஏத்துங்க. அவளுக இங்கனயே இருக்கட்டும்."

முதலாளி அவரைப் பார்த்தார். மூத்தவளைப் பார்த்தார். கீழே என்னையும் பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை இருந்ததாகச் சொல்ல முடியாது.

"லாரியில ஏதுண்ணே எடம்? குஞ்சு ஏத்தணும். கொழாய வெளிய விட்டுட்டு ஆகுற வேலையப் பாருங்க."

சாயங்காலத்துக்குள் லோடு கிளம்பிவிட்டது. நான் சவுக்கு மரத்தடி மணலில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், முகத்தை மட்டும் ரோட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு. காற்று அவருடைய சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது.

இருட்டத் தொடங்கியதும், "இன்னும் தலை சுத்துதாலே?" என்று கேட்டார்.

எனக்கு எப்போதோ தெளிந்துவிட்டது. இல்லை என்று சொன்னால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

"லேசா சுத்துதுண்ணே" என்றேன்.