பென்டிரைவுக்குள் பதினொரு அறைகள்

வெட்கப்படுகிறவர்கள் "ஆச்சு" என்ற ஒரே சொல்லை வைத்து வாழ்க்கையை ஓட்டிவிடலாம். நானும் ஓட்டினேன், அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணி வரை.

கோட்டையூரில் விடுதியாக மாறிய பெரிய வீடொன்றில் முன்பதிவு பார்ப்பது நான். (படிப்பு பத்தாவது. கம்ப்யூட்டர், பார்த்துப் பழகியது.) எங்கள் பழைய விண்டோசுக்கு இனிப் பாதுகாப்பு கிடைக்காதாம். புதியதை ஏற்ற வந்த இன்ஜினியர், முதலில் எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்துவைக்கச் சொன்னார்.

திரையில் இருந்த குட்டிக் குட்டிப் படங்களையெல்லாம் (சொடுக்கினால் திறக்குமே, அவற்றை) அதற்குள் இழுத்துப் போட்டேன். கண் இமைப்பதற்குள் முடிந்தது. முற்றத்து வெயில் மெல்ல நகர்ந்தது. பதினொரு அறைகளும், இனி வரப்போகிறவர்களின் தூக்கமும் என் சுண்டுவிரல் அளவுக்குள் மிதப்பதாகத் தோன்ற, சொக்கி நின்றேன்.

"எடுத்தாச்சாக்கா? பழசை அழிச்சிரவா?"

இவ்வளவு சீக்கிரமா முடியும் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் முதலாளி ஆச்சி, "பத்தரைக்கு ராகு காலம். என்ன ஸ்டெல்லா, ஆச்சா இல்லையா?" என்றார்.

"ஆச்சு ஆச்சி."

மதியம்தான் தெரிந்தது. வீட்டை விட்டுவிட்டு வாசல் பெயர்ப்பலகையை மட்டும் கழற்றி வந்திருக்கிறேன். பென்டிரைவில் இருந்தவை திறப்பதற்கான வெறும் படங்கள்; முன்பதிவுப் பட்டியல் பழசோடு அழிந்துபோயிருந்தது. மறுநாள் யார் வருகிறார்கள், எத்தனை பேர், ஒன்றும் தெரியாது.

"வாரவுக காலை ரயில்லதான் வருவாக. நீயே ஸ்டேஷனுக்குப் போயி கூட்டிட்டு வா" என்றார் ஆச்சி.

விடியற்காலைப் பனியில், காரைக்குடி ஜங்ஷனில், கனவில் நிற்பதுபோல நின்று பெட்டி தூக்கியவர்களிடமெல்லாம் கேட்டேன்: "நம்ம வீட்டுக்குத்தானே வாரீக?" பலர் விலகி ஓடினார்கள். பழத்தட்டு வைத்திருந்த ஒரு குடும்பம் மட்டும் மலர்ந்தது.

"ஆமா! நீங்களே வந்துட்டீகளா?"

(சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்தது.)

வீட்டைப் பார்த்து வாய் பிளந்தார்கள். இரண்டு அறைகள் கொடுத்தேன். குளித்து, வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டு முடித்ததும் அந்த அம்மா சொன்னார்: "சரி, பொண்ணை வரச் சொல்லுங்க."

அவர்கள் மானகிரிக்குப் பெண் பார்க்க வந்தவர்கள். தரகர் பேசிய இடம், முன்பின் பார்த்ததில்லை. பெண் வீட்டார் ஸ்டேஷனில் தேடிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் முன்பதிவு செய்தவர்கள் ஆட்டோவில் வந்து இறங்கியபோது, அவர்களுடைய கட்டிலில் மாப்பிள்ளையின் அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஆச்சி தன் காரிலேயே அவர்களை மானகிரிக்கு அனுப்பினார். அந்தப் பெண்ணோடு கல்யாணமும் நடந்தது. ஆனாலும் இன்றுவரை நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் என் கணவர் என்னைக் கேலி செய்து வாசலிலேயே சொல்லிவிடுகிறார்:

"உள்ள வாங்க. காப்பி உண்டு. பொண்ணு மட்டும் கேட்டுராதீக!"