அடுத்த பிறந்தநாள் யாருக்கு?

இந்தக் கதையை ஏழு வருஷமாக நானே முழுசாக நம்பவில்லை. நடந்தது நடந்ததுதான். அதைத் தாங்கி நிற்கும் ஒரே ஒரு தேதியில்தான் சந்தேகம்.

நான் கருத்துக்கணிப்பு அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். "சமூக ஊடகம் உங்கள் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது?" என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருந்த சமயம் அது. முந்நூறு வீட்டுக் கதவைத் தட்டியவனுக்குச் சொந்த வீட்டு ஞாபகம் வந்தது. மனைவி எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறாள் என்பது என் கட்சி. அதை அவள் வாயாலேயே, அச்சடித்த படிவத்தில் ஒப்புக்கொள்ள வைப்பதென்று சபதம் எடுத்தேன்.

ஞாயிறு மத்தியானம், சாப்பாட்டு மேசை.

"மிக அதிகம்னு பதில் வந்தா, அந்த ஆளோட போன் ஆறு மணிக்கு மேல அலமாரிக்குள்ள. சம்மதமா?"

"சம்மதம். ரெண்டு பேரையும் கேப்பீங்களா?"

"சேச்சே. வீட்டுக்கு ஒரு ஆள். யாருக்கு அடுத்தாப்ல பிறந்தநாள் வருதோ அவங்கதான் பதில் சொல்லணும். ஆபீஸ் விதி."

என் பிறந்தநாளுக்கு நான்கு மாதம் இருந்தது. அவளுடையது அதற்கு முன்னால் எப்போதோ வரும். அந்த 'எப்போதோ'வில்தான் விழுந்தேன்.

"அப்போ நீங்கதான்."

"உனக்கு...?"

"எனக்குத்தான் போன செவ்வாய்க்கிழமையே வந்துட்டுப் போயிடுச்சே. ஒரு வாழ்த்து சொன்னீங்களா?"

மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. படிவத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"தினமும் எவ்வளவு நேரம் பாக்கறீங்க?"

"அரை மணி."

"போனைக் குடுங்க, அதையே கேப்போம். நாலே முக்கால் மணி நேரமாம். பூரா குதிரைக்கு லாடம் அடிக்கிற வீடியோ! நம்ம வீட்ல குதிரையை எங்கங்க கட்டியிருக்கு?"

"அது... பொது அறிவு."

"சரி, வாழ்க்கையில பாதிப்பு?"

"ஓரளவுன்னு போடு."

"லாடம் பாத்துக்கிட்டுப் பொண்டாட்டி பிறந்தநாளை மறந்தது ஓரளவா?"

'மிக அதிகம்' மேல் டிக் விழுந்தது. கீழே கையெழுத்து என்னுடையது.

அன்றிலிருந்து மணி ஆறடித்தால் என் போன் அலமாரிக்குள். அவள் சோபாவில் காலை நீட்டி, தன் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். அவள் சொன்ன அந்தச் செவ்வாய்க்கிழமைத் தேதிக்கு வருஷம் தவறாமல் பரிசும் வாங்கித் தருகிறேன். ஆனால் சரியாக ஒரு மாதம் கழித்து அவளுடைய அக்கா கூப்பிட்டு வாழ்த்துகிறாள். "அக்காவுக்கு ஞாபகமறதி" என்கிறாள் இவள். இவளுடைய சான்றிதழ்கள் இருப்பதும் அதே அலமாரியில். சாவி இவளிடம்.

கேட்டிருக்கலாம். கேட்டால், முப்பது வருஷம் தேதி தெரியாமலே குடித்தனம் நடத்தினேன் என்று ஒப்புக்கொண்டதாகும். நேற்று அக்கா மறுபடி வாழ்த்தினாள். மணி ஆறேகால். கையில் போன் இல்லை. அவள் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு கேட்டேவிட்டேன்:

"ஏம்மா, உன் பிறந்தநாள் நிஜமா என்னைக்கு?"